ஒரு சுமேரியருக்கு ஐந்து நிமிடம்

சுமேரியர்கள் தமிழர்களே என்று யாராவது மேடையேறி ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறும். அது மெய்யா பொய்யா என்று ஆராயும் படிப்பு எனக்குக் கிடையாது. துபாய் தேராவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் காகித வேலை பார்த்தவன் நான். ஆனால் அப்படி முழங்கியவர்கள் கையில் நிஜமான சுமேரியர் ஒருவர் கிடைத்தபோது அவரை என்ன பாடு படுத்தினார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

நிஜமான சுமேரியர் என்று நான் சொல்வது அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசைக்காரரை. ஈராக்கின் தெற்கே நாசிரியா அவருக்கு ஊர். கப்பல் எஞ்சின்களைப் பரிசோதிக்கும் பொறியாளர். அரபிகள் மரியாதையாகச் சொல்வதுபோல நானும் அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பேச்சு பாதி ஆங்கிலம், பாதி அரபி. சுமேரியர்களின் பழைய நகரம் ஒன்றும், படிப்படியாக உயரும் அவர்களுடைய செங்கல் கோபுரமும் அவர் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்றாலே வருஷா வருஷம் அங்கேதான் கூட்டிப்போவார்களாம். "அந்தக் கோபுரத்தைப் பார்த்தாலே எங்களுக்குக் கொட்டாவி வரும்" என்று கிண்டலடிப்பார். 2003 சண்டைக்குப் பிறகு கோபுரம் அமெரிக்க ராணுவ முகாமின் வேலிக்குள் போய்விட்டது. அதன்பிறகு அவர் அந்தக் கிண்டலை நிறுத்திவிட்டார்.

பாக்தாத் அருங்காட்சியகத்தைச் சூறையாடியதை அலுவலக டிவியில் பார்த்தோம். அதைவிட மோசமான சேதிகள் அவருடைய தம்பியின் போனில் வந்தன. ஊரைச் சுற்றியுள்ள மண்மேடுகளையெல்லாம் ராப்பகலாகத் தோண்டுகிறார்கள், கிடைத்த முத்திரைக் கற்களும் களிமண் பலகைகளும் எல்லை தாண்டிப் போகின்றன என்றார் தம்பி. தேரா சூக்கில், அதாவது சந்தையில், ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படி ஒரு கல்லை உஸ்தாதே பார்த்துவிட்டார். அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு விழா அறிவித்தது. சென்னையிலிருந்து பேச்சாளர் வருகிறார், தலைப்பு சுமேரியாவும் தமிழரும். எனக்குச் சட்டென்று யோசனை வந்தது. வருகிறவர்களில் பாதிப்பேர் தேராவில் கடை வைத்திருப்பவர்கள். எங்கள் ஊர்க்காரர்களும் அதில் ஏராளம். உஸ்தாத் அவர்கள் முன்னால் நின்று ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கட்டும்: இப்படிப்பட்ட பொருள் வந்தால் வாங்காதீர்கள்.

சங்கச் செயலாளரிடம் போய்ச் சொன்னேன். மனிதர் குதித்தார்.

"ஒரிஜினல் சுமேரியரேவா! கூட்டிட்டு வாங்க பாய். முன் வரிசையில உக்கார வைப்போம். அஞ்சு நிமிஷம் என்ன, பத்து நிமிஷமே பேசட்டும்."

உஸ்தாத் ஐந்து நிமிடத்துக்குத்தான் தயார் செய்தார். ஆங்கிலத்தில் எழுதி, சாப்பாட்டு நேரங்களில் என்னிடம் படித்துக் காட்டினார். எங்கே கோபம் அதிகமாகத் தெரிகிறது என்று கேட்டுக் கேட்டு அந்த வரிகளை அடித்தார். விருந்தாளியாகப் போகிற இடத்தில் குரலை உயர்த்தக்கூடாதாம். விழாவுக்கு சூட் போட்டுக்கொண்டு வந்தார்.

பேச்சாளர் மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. அவர்கள் கோபுரம் கட்டினார்கள், நாமும் கட்டினோம். அவர்கள் நிலாவைக் கும்பிட்டார்கள், நாம் நிலாவைச் சாமி தலையில் வைத்தோம். இரண்டு சொல் ஒரே மாதிரி ஒலித்தால் போதும், மொத்த தேசத்தையே நம் பெயரில் பட்டா போட்டுவிட்டார். நான் உஸ்தாதின் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். பேச்சாளர் கண் கலங்க, "சுமேரியன் என் அண்ணன்! அவன் உடம்பில் ஓடுவது என் ரத்தம்!" என்றபோது உஸ்தாத் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார். அந்த மனிதர் அதை நம்பினார் என்பதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

கைதட்டல் அடங்குவதற்குள் செயலாளர் குனிந்தபடி ஓடிவந்தார்.

"பாய், ஸ்பான்சர் ஃபேமிலியோட வந்துட்டாரு. இவரைக் கொஞ்சம் பின்னாடி உக்காரச் சொல்லுங்களேன்."

"இவருதாங்க உங்க அண்ணன். இப்பத்தானே மேடையில சொன்னாரு?"

"அட, புரிஞ்சுக்குங்க பாய். ஹாலுக்கு வாடகை அவருதான் குடுத்திருக்காரு."

செயலாளரின் கைச்சாடையைப் பார்த்தே உஸ்தாத் எழுந்துவிட்டார். பின்னாடியும் இடமில்லை. ராஸ் அல் கைமா சிமெண்ட் ஃபேக்டரி கேம்ப்பிலிருந்து பஸ்ஸில் வந்த நம் பையன்கள் அங்கே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் எழுந்து, "பைட்டியே பாய்", உட்காருங்கள் என்று இந்தியில் சொல்லித் தன் நாற்காலியை உஸ்தாதுக்குத் தள்ளிவிட்டுச் சுவரோரம் நின்றார். ரத்தம் கித்தம் என்று எதுவும் பேசவில்லை.

நான் மறுபடியும் செயலாளரிடம் போனேன். "ஸ்பான்சர் பேசட்டும், அப்புறம் அஞ்சு நிமிஷம்" என்றார்.

ஸ்பான்சர் நகைக்கடைக்காரர். பேசவில்லை, வெல்வெட் பெட்டி ஒன்றைத் திறந்தார். உள்ளே தங்கச் சங்கிலி. அதில் விரல் கணு அளவுக்கு ஒரு சாம்பல் நிற உருளைக் கல், இரண்டு பக்கமும் தங்கப் பூண் போட்டுத் தொங்கியது.

"அசல் சுமேரிய முத்திரை. ஈர மண்ணுல உருட்டினா படம் விழும். அந்தக் காலத்துக் கையெழுத்து! நம்ம சூக்குலயே தேடிப் பிடிச்சேன்" என்று பேச்சாளரின் கழுத்தில் போட்டுவிட்டார்.

ஹால் அதிரக் கைதட்டினார்கள். பேச்சாளர் கல்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்தேன். மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. உஸ்தாத் தன் காகிதத்தை மடித்து, இன்னொரு தடவை மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

நன்றியுரை சொன்னார்கள், பிரியாணி ரெடி என்றார்கள். கூட்டம் எழுந்துவிட்டது. அப்போதுதான் செயலாளருக்கு எங்கள் ஞாபகம் வந்தது.

"பாய், பாய்! சுமேரியரை மேடைக்குக் கூப்பிடுங்க. போட்டோல அவருதான் நடுவுல நிக்கணும். விழா மலர்ல அட்டையிலயே போடறோம்."

"அவருக்குச் சொன்ன அஞ்சு நிமிஷம் எங்கங்க? வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்று கத்தியே விட்டேன். பிரியாணி வரிசையே திரும்பிப் பார்த்தது.

"டைம் எங்க இருக்கு பாய், ஹாலை விடணும்ல?"

என்ன தகராறு என்று உஸ்தாத் கேட்டார். சொன்னேன். வேண்டாம், வாருங்கள் போய்விடலாம் என்றேன். அவரோ நேராக மேடைக்கு நடந்தார். பேச்சாளருக்கும் ஸ்பான்சருக்கும் நடுவில் நின்றார். காகிதத்தை எடுக்கவில்லை. பேச்சாளரைப் பார்த்து மெதுவாகப் பேசினார். நான் தமிழில் சொன்னேன்.

"என்னை அண்ணன் என்றீர்கள். சந்தோஷம். இது எங்கள் ஊர் மண்ணிலிருந்து திருடியது. போலியாக இருந்தால் உங்களுக்கு நஷ்டமில்லை. நிஜமாக இருந்தால் இது வீட்டுக்குப் போகட்டும். தங்கத்தைக் கழற்றிக்கொண்டு கல்லை மட்டும் கொடுங்கள், தம்பி."

பேச்சாளர் ஸ்பான்சரைப் பார்த்தார். ஸ்பான்சர் கூரையைப் பார்த்தார்.

"அன்பளிப்பாக் குடுத்தது" என்றார் பேச்சாளர் என்னிடம். "திருப்பிக் கேட்டா எப்படிங்க? நல்லாவா இருக்கும்?"

அன்றைக்கு முழுக்க நான் அவர்கள் பேச்சை உஸ்தாதுக்குக் கொஞ்சம் இனிப்புச் சேர்த்துத்தான் சொல்லி வந்திருந்தேன். இதை மட்டும் அப்படியே சொன்னேன். உஸ்தாத் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார்.

போட்டோகிராஃபர், சார் இப்படிப் பாருங்க என்றார். பேச்சாளர் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டு, மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு சிரித்தார்.