ஒரு மாதமாகச் சிவப்பு

எனக்கு முன்கோபம் உண்டு. ஆனால் ஃபியூஸ் கட்டை செய்யும் பீங்கான் கம்பெனியில் இருபது வருடமாக சூப்பர்வைசராக இருக்கிறேன், அங்கே ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. சூளையிலிருந்து வரும் சரக்கு பாதிக்குப் பாதி கீறல் விட்டிருந்தாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் கத்தினால் மரியாதை போய்விடும். கத்துவதற்கென்றே எனக்கு ஒரு வீடு இருந்தது.

மகள் எட்டாம் வகுப்புக்குப் போன வருடம், அவளுடைய மேல்படிப்புக்காக மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் பணம் போட ஆரம்பித்தேன். கொஞ்சம் துணிச்சல் வந்ததும் பங்குகளும் வாங்கினேன். போட்டுவிட்டு மறந்துவிடுங்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானா மறப்பேன்? டீக்கடையில் ஃபோனைப் பார்ப்பேன், சாப்பிடும்போது பார்ப்பேன், பழமலைநாதர் கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கும்போதுகூட ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்வேன். விலை ஏறிப் பச்சையாக இருந்தால் சாயங்காலம் மங்கலம்பேட்டை வரைக்கும் வண்டியை விட்டு பிரியாணி வாங்கி வருவேன். இறங்கிச் சிவப்பாக இருந்தால் சாம்பாரில் உப்பு சரியில்லை, ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடுகிறது, செருப்பு ஏன் இங்கே கிடக்கிறது. ஏறினால் என் சாமர்த்தியம், இறங்கினால் வீட்டிலிருக்கிற இரண்டு பேரும்தான் காரணம் என்பது மாதிரி நடந்துகொண்டேன்.

இதையெல்லாம் அவர்கள் கவனிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மகள் பிளஸ் டூ முடித்த கோடையில் பங்குச் சந்தை சரிய ஆரம்பித்தது. ஒரு மாதம் போல இறங்கிக்கொண்டே இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில் அவள், உள்ளூர் காலேஜிலேயே பி.எஸ்சி. சேர்ந்துகொள்கிறேன் என்று சொன்னாள். செலவு வைக்காத பிள்ளை என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

காலேஜ் திறந்து சில வாரம் கழித்து, எங்கள் ஊர் பாலக்கரையில் அவளுடைய பள்ளிக்கூட டீச்சர் ஒருவரைப் பார்த்தேன். நலம் விசாரித்துவிட்டு, வருத்தத்தோடு கேட்டார்.

"கோயம்புத்தூர்ல பிசியோதெரபி சீட்டு கெடச்சும் நீங்க வேணான்னுட்டீங்களாமே சார். நல்லா படிக்கிற புள்ள."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வண்டியை எடுத்தேன். என்னிடம் மறைத்துவிட்டார்களே என்று வழியெல்லாம் கோபம் கோபமாக வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, சீட்டு வந்ததை ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். துணி மடித்துக்கொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தவில்லை.

"ஒரு மாசமா செகப்பாவே இருந்துதுப்பா. நாளைக்கு கேக்கலாம், நாளைக்கு கேக்கலாம்னு இருந்தேன். பணம் கட்ற கடைசி தேதி போயிடுச்சு."

எனக்குப் புரியவில்லை. என் மனைவிதான் அடுப்படியிலிருந்து வந்து விளக்கினாள். ராகுகாலம் பார்க்கிற மாதிரி, என்னிடம் எதைக் கேட்பதற்கு முன்னாலும் மகளுடைய ஃபோனில் சந்தையைப் பார்ப்பார்களாம். பல வருடமாக அப்படித்தானாம். ஸ்கூல் டூர், புது செருப்பு, மனைவி தன் அண்ணன் வீட்டுக்குப் போய்வருவது, எல்லாமே பச்சைக்காகக் காத்திருந்து கேட்டவை. அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வீட்டு நடைமுறையைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அந்தப் பணமே உனக்குத்தானேம்மா" என்றேன்.

"தெரியும்பா. நஷ்டத்துல எடுங்கன்னு சொல்ல மனசு வரல. சாரிப்பா."

சீட்டைத் தொலைத்தவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மறுநாள் காலையில் கோயம்புத்தூருக்கு ஃபோன் செய்தேன். இடமெல்லாம் எப்போதோ நிரம்பிவிட்டது என்றார்கள்.

சந்தை பிறகு ஏறியது. போய்விட்டதாக நான் நினைத்த பணம் முழுக்கத் திரும்பி வந்து, மேலேயும் போனது. இந்த வருடம் மறுபடியும் இறங்கியபோது கம்பெனியில் ஆளாளுக்குப் புலம்பினார்கள். எவ்வளவு விழுந்தாலும் அசையாமல் இருக்கிறீர்களே, எப்படி என்று என்னைக் கேட்டார்கள். வயசாயிடுச்சு என்று சொல்லிச் சிரித்தேன். உண்மையிலேயே இப்போது அது ஏறினாலும் இறங்கினாலும் என்னை ஒன்றும் செய்வதில்லை.

போன வாரம் ஒருநாள் தலைவலியோடு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். மகள் ஏதோ கேட்க வந்தாள். கதவருகே நின்று என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கேட்காமலேயே உள்ளே திரும்பிப் போய்விட்டாள்.

எழுந்து அவள் பின்னாலேயே போய், என்னம்மா வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள்.

நான் போகவில்லை. அவள் சொல்லட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.