ஒரு மாதிரி

நேற்று தன் வீட்டில், பேச்சின் நடுவே சட்டைப்பையிலிருந்து ஒரு துணி கிளிப்பை எடுத்து, என் டீ டம்ளரின் விளிம்பில் மாட்டினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கொஞ்சம் நகர்த்தினார். “இங்க ஒரு பல்பு வந்தா எப்படி இருக்கும்?” என்று கேட்டார். டீ ஆறிவிடும் என்றேன். அது அவர் காதில் ஏறவில்லை.

அவர் எங்கள் கீழ்வீட்டுக்காரர். அலங்கார விளக்கு செய்கிறவர். கம்பியை வளைத்து, கண்ணாடி கோத்து, கடைகளிலும் ஓட்டல்களிலும் தொங்கவிடுவார். கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் காகிதத்தில் வரைந்து காட்டும்போது பிரமாதம் என்று தலையாட்டுகிறவர்களே, விளக்கு மேலே ஏறியதும் அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஒரு மாதிரி இருக்கே” என்பார்கள். விளக்கு வந்த வழியே வீடு திரும்பும். நகைக்கடைக்குச் செய்த சரவிளக்கு இப்போது அவர் குளியலறையில் தொங்குகிறது. குனிந்து குளிக்கிற ஒரே மகாராஜா அவர்தான். சலூன்காரர் வேண்டாமென்றது சமையலறையில். எந்த ஆர்டர் வந்தாலும், அந்த விளக்கு திரும்பி வந்தால் மாட்டுவதற்குத் தன் வீட்டுக் கூரையில் முதலிலேயே ஒரு கொக்கி அடித்துவிடுவார். அவ்வளவு முன்யோசனை.

இந்தத் தொல்லை தீர ஒரு கருவி செய்யத் திட்டமிட்டார். செய்யவில்லை, திட்டமிட்டார். விளக்கைச் செய்யும் முன்பே பல்புகளை இப்படியும் அப்படியும் நகர்த்தி, தொங்கினால் எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கே காட்டிவிடுகிற கருவி. முதலில் ஓட்டை போட்ட பலகை போதும் என்றார். பிறகு பலகை சுற்ற வேண்டும், அதற்கு மோட்டார் வேண்டும் என்றார். சாப்பாட்டு மேஜை முழுக்க சார்ட் பேப்பர். குடும்பம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது. கருவி எப்படி வரும் என்று பார்க்க அட்டையில் ஒன்று செய்தார். அந்த அட்டை நிற்குமா என்று பார்க்கத் தீப்பெட்டியில் ஒன்று.

“மாதிரி காட்டற மெஷினுக்கே ஒரு மாதிரி, அந்த மாதிரிக்கும் ஒரு மாதிரியா?” என்று கேட்டார் அவர் மனைவி. அவசரப்பட்டால் வேலை கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டு, இவர் தீப்பெட்டிக்கு வண்ணம் தீட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டரம்மா ஆர்டர் கொடுத்தார். காத்திருக்கும் அறையில் எல்லோரும் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள், அண்ணாந்து பார்த்தால் பயம் தெளிகிற மாதிரி ஒரு விளக்கு வேண்டும், ஆனால் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும் என்றார். வீட்டில் மிச்சமிருந்த கூரை படுக்கையறையில் மட்டும்தான். அன்று சாயங்காலமே அங்கே கொக்கி ஏறியது. மனைவி கொக்கியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

“இந்த விளக்கு மட்டும் திரும்பி வரட்டும். அது உள்ள வரும், நான் வெளிய போயிடுவேன். எங்க அக்கா வீட்ல கூரை காலியாத்தான் இருக்கு.”

மனைவி சொன்னால் செய்கிறவர். இவருக்கும் அது தெரியும்.

டாக்டரம்மா வருகிற நாளும் வந்துவிட்டது. கருவி இன்னும் தீப்பெட்டியைத் தாண்டவில்லை. இவர் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். பால்கனியில் கயிற்றை இழுத்தால் மேலே ஏறும் துணி ஸ்டாண்டு கண்ணில் பட்டது. ஈரத்துணிகளை அள்ளி நாற்காலியில் போட்டார். பாட்டரி பல்புகளைத் துணி கிளிப்பால் அந்தக் கம்பிகளில் மாட்டினார். கயிறு பிடிக்க ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார். ஆகவே நடந்ததற்கு நான் சாட்சி.

டாக்டரம்மா அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, “ஒரு மாதிரி இருக்கு” என்றார்.

“ஆமாம்மா, இப்போதைக்கு ஒரு மாதிரிதான் இருக்கு. இன்னொண்ணும் காட்டறேன்” என்றார் இவர், மிகவும் பணிவாக.

எனக்கு அந்த அக்கா வீடு கண்முன்னே வந்துபோனது. துணிகளைத் தேடிக்கொண்டு வந்த மனைவிதான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். “இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை, வெள்ளை வெளேர்னு. பல்லு மாதிரி இருக்குங்க.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஸ்டாண்டை இறக்கச் சொல்லி, சொத்தைப் பல்லைப் பிடுங்குகிற லாகவத்தோடு ஒரு பல்பைக் கழற்றி வேறிடத்தில் மாட்டினார். மனைவி இன்னொன்றை நகர்த்தினார். இவர் பதறிக்கொண்டே ஒன்றை நகர்த்தினார். ஏற்று, இறக்கு என்று எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. இருட்டுவதற்குள் அந்த வாய் கலைந்து, யாரோ கைநிறைய அள்ளித் தூவியதுபோல் வெளிச்சம் சிதறி நின்றது. இதுதான் வேண்டும் என்றார் டாக்டரம்மா. கம்பியில் எந்தக் கிளிப்பையும் யாரும் தொடக் கூடாது என்று இவர் எல்லோரையும் விரட்டினார்.

விளக்கு போய்ப் பல வாரமாகிறது. திரும்பி வரவில்லை. ஆனாலும் போன் அடித்தால் இவர் முகம் வெளுக்கிறது. துணி ஸ்டாண்டு கருவியாகவே நிலைத்துவிட்டது. சார்ட் பேப்பர்கள் போய், சாப்பாட்டு மேஜையில் மறுபடி சாப்பிடுகிறார்கள்.

நேற்று அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் உள்ளேயிருந்து அவரைக் கூப்பிடும் குரல் கேட்டது. நானும் எட்டிப் பார்த்தேன். படுக்கையறையில் மனைவி ஸ்டூல் மேல் நின்று, விளக்கு வராத அந்தக் கொக்கியிலிருந்து ஜன்னல் கம்பிக்குத் துணி காயப்போடக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். இவர் கீழே நின்று, சட்டைப்பையிலிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் கொடுத்தார். கடைசி ஒன்றை மட்டும், மனைவி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.