தொட்டில் பாட்டும் ஆறு மணிச் சாப்பாடும்

போன மே மாதம் நெய்வேலி போனது ஊர் சுற்ற இல்லை. தம்பி குமரனின் மகளைத் தொட்டிலில் போடுகிற விசேஷம். அத்தைக்காரி நான்தான் குழந்தையின் காதில் மூன்று முறை பேர் சொல்லி, தாலாட்டும் பாட வேண்டும். எனக்கோ இரைப்பை அமிலம் தொண்டைவரை ஏறி, குரல் கம்மிப்போய் ஆறு மாதம். காபி, காரம், பொரித்தது எதுவும் கூடாது, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சென்னையிலிருந்து சுமார் இருநூறு கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். காலை ஆறரைக்குக் கிளம்பிய பஸ் பண்ருட்டியில் நின்றதும் முந்திரி பக்கோடா வாசனை ஜன்னல் வழியாக ஏறியது. வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

"பண்ருட்டி வழியா வந்துகினு வெறுங்கையோடவா வர்றீங்க?" என்று ஆட்டோக்காரர் வருத்தப்பட்டார்.

நிலக்கரிச் சுரங்கக் குவார்ட்டர்ஸில் நுழைந்தால் குமரன் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை. அவன் மனைவி செல்வி பக்கத்தில் இருக்கும் முத்தாண்டிக்குப்பத்துப் பெண். "அவரு வராம இந்த வூட்ல யாரும் ராத்திரி சோத்துல கை வெக்கிறதில்ல அண்ணி," என்றாள். பத்தரைக்குச் சாப்பிட்டுப் படுத்தால் காலையில் குரலுக்குப் பதில் காற்றுதான் வரும். நான் மட்டும் முன்னாலேயே சாப்பிடவும் மனசு வரவில்லை. வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னேன்.

காரம் ஆகாது என்று செல்வியிடம் போனிலேயே சொல்லியிருந்தேன். எனக்காகச் செய்த மிளகாய் போடாத சுரைக்காய்க் கூட்டையே அவன் டிபன் பாக்ஸில் அடைத்தாள். "ஆறு மணி பிரேக்ல போன் பண்ணுங்க. எல்லாரும் ஒண்ணா சாப்ட்ருவோம்," என்றாள் அவனிடம்.

ஆறு மணிக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"அக்கா, வியாதி உனக்கு, பத்தியம் எனக்கா?" என்று கத்தினான் தம்பி. சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

இதே தொல்லை உள்ளவர்கள் நெய்வேலிக்கு விருந்தாடப் போனால், வீட்டுக்காரருக்கு அந்த வாரம் எந்த ஷிப்ட் என்று கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். தலைமாட்டை உயர்த்திக்கொள்ளக் கூடுதலாக ஒரு தலையணையும் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பேர் சொன்னேன். பிறகு பாட்டு. மூன்றாவது அடியில்தான் குரல் எப்போதும் உடையும். உடையவில்லை. சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. பாடி முடித்து நிமிர்ந்தால் குழந்தை வீறிட்டது.

"நிறுத்தாதீங்க அண்ணி!" என்றாள் செல்வி.

மறுபடி பாடினேன். மறுபடியும். குழந்தை தூங்கி, நான் பந்திக்குப் போனபோது வடையெல்லாம் தீர்ந்திருந்தது. என் தொண்டைக்கு அதுவும் நல்லதுதான்.