நீலக்கண் குதிரையின் பாஷை

தீவில் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட, எங்கள் காண்ட்ராக்டர் அண்ணாச்சி மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ஒரு குதிரையை வரவழைத்தார். டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் சிமெண்ட் மூட்டை வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் கட்டினோம். செம்பழுப்பு உடம்பு, நெற்றியிலிருந்து வாய் வரை வெள்ளை, இரண்டு கண்ணும் நீலம். மனிதர்களோடு பேச எனக்குக் கூச்சம். குதிரையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதும் உடனே ஒப்புக்கொண்டேன்.

கூப்பிட்டால் அது திரும்பவில்லை.

"தமிழ் தெரியாதுல அதுக்கு. இந்தியில கூப்பிடுடே," என்றார் அண்ணாச்சி.

கூப்பிட்டேன். காதைக்கூட அசைக்கவில்லை. எங்கள் தீவில் ஒருவர் பதில் சொல்லாவிட்டால் பாஷையை மாற்றிப் பார்ப்போம். குதிரைக்கும் அதையே செய்தோம். எதிர்வீட்டு வங்காளி அக்கா கொஞ்சினாள். மீன் விற்கும் தெலுங்கர் அதட்டினார். மலையாளி டிரைவர் லீவு போட்டுவிட்டு வந்து நெடுநேரம் பேசினார். அது புல் தின்றது.

அண்ணாச்சிக்குப் பொறுமை போயிற்று. "ஞாயித்துக்கெழம மின்னி பே பக்கம் மொதக் கல்யாணம். அதுக்குள்ள சொன்னபடி கேக்கலன்னா அடுத்த ஷிப்புல ஏத்திருவேன். நீ பழையபடி ஜல்லி அள்ளப் போ."

ஜல்லி அள்ளும் இடத்தில் ஓயாத பேச்சு. என்னையும் பேசச் சொல்வார்கள். பயத்தில் நானே போய்க் கால்நடை டாக்டரம்மாவை அழைத்து வந்தேன்.

அவர் குதிரைக்குப் பின்னால் தள்ளி நின்று தகர வாளியைக் கட்டையால் அடித்தார். நானும் அண்ணாச்சியும் துள்ளினோம். குதிரை துள்ளவில்லை.

"இதுக்குப் பிறவியிலேயே காது கேக்காதுங்க. இந்த வெள்ளை முகத்தையும் நீலக்கண்ணையும் குடுத்த ஜீன்தான் காரணமா இருக்கும். நிறம் தர்ற செல்லு உள்காதுலயும் வேணும். அங்க இல்லன்னா கேக்காது. எல்லா வெள்ளை முகத்துக்கும் இப்படி வராது. ஆனா இதுக்குக் குட்டி எடுக்காதீங்க. அதுக்கும் வரலாம்."

"செவிட்டுக் குதிரைய என் தலையில கட்டிட்டானே. ஏத்தி அனுப்ப வேண்டியதுதான்," என்றார் அண்ணாச்சி.

எப்படியோ வாயைத் திறந்தேன். "பேண்டுக்கும் வெடிக்கும் மிரளாதுல்ல, அண்ணாச்சி?"

அவர் என்னையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பேண்டுக்காரர்களின் காலடியிலேயே சரவெடி வெடித்தது. அவர்கள் டிரம்மைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மாப்பிள்ளை கண்ணை மூடிப் பிடரியைக் கட்டிக்கொண்டார். குதிரை, அவருடைய மாமா கழுத்திலிருந்த சாமந்தி மாலையை நிதானமாகத் தின்றது.

மறுநாள் அண்ணாச்சி மெயின்லேண்ட் வியாபாரிக்கு போன் போட்டார்.

"இன்னொரு குதிர வேணும்வே. செவிடாப் பாத்து அனுப்பும். காது கேட்டா திருப்பி அனுப்பிருவேன்."

வியாபாரி "ஹலோ, ஹலோ" என்று கத்தியது எனக்கே கேட்டது. நான் இன்னொரு குதிரைக்கு இடம் பண்ண, சிமெண்ட் மூட்டைகளை நகர்த்தப் போனேன்.