வெள்ளிக்கிழமை நட்ட ஆப்பிள் கன்று

லவான் கூபிசெக்கை மத்திய மேல்முறையீட்டு நீதிபதி ஆக்கியது அவருடைய சட்ட ஞானம் என்று யாராவது சொன்னால் அவரே சிரித்துவிடுவார். நெப்ராஸ்கா செனட்டர் ஒருவரின் பட்டியலில் அவரோடு இரண்டு ஆண்களும் இருந்தார்கள். இருவரும் பத்திரிகையில் ஒருவரை ஒருவர் நாறடித்துக்கொண்டார்கள். மிஞ்சியவர், செனட்டரின் மனைவியோடு தேவாலயத்தில் சுருதி சேராமல் பாடிவந்த லவான். கிடைத்தது ஆயுள் பதவி.

தானியக் கிடங்கு மேலாளரின் மகள். லிங்கன் நகரில் சட்டம் படித்தார், மாட்டுத் திருடர்களைச் சிறைக்கு அனுப்பினார், அரசு வழக்கறிஞர் தேர்தலில் பாதி நாள் போதையில் இருக்கும் ஒருவரிடம் தோற்றார். நீதிபதியான பிறகு இருபத்திரண்டு வருடங்களில் ஒரு தீர்ப்பைக்கூட திரும்பப் பெற்றதில்லை. அதைத் தன் இரத்த வகையைப் போலச் சொல்லிக்கொள்வார்.

அவருக்கு ஒரே மதம், கெடு. ஒரு நாள் பிந்தி வந்த மனுவை, உள்ளே என்ன இருக்கிறது என்றே பார்க்காமல் தள்ளுவார். ராட்னி ஸ்பெத்மனின் மேல்முறையீட்டையும் அப்படித்தான் தள்ளினார். போதைப்பொருள் விற்ற ஸ்பெத்மனுக்குப் பதினோரு வருடம். அதில் இரண்டு வருடம், தாத்தாவின் கொட்டகையில் ஆணியில் தொங்கிய வேட்டைத் துப்பாக்கிக்காக. அதை எதிர்த்து எழுதிய காகிதத்தை வெள்ளிக்கிழமைக்குள் சிறை அதிகாரியிடம் கொடுத்திருக்க வேண்டும். திங்கட்கிழமைதான் கொடுத்தான். மூன்று பக்கத் தீர்ப்பு, கதை முடிந்தது. நாட்களை எண்ணி அதன் முதல் வரைவை எழுதியவள் நான். அந்த வருடம் அவருடைய சட்ட உதவியாளர் நான்தான்.

மூன்று வாரம் கழித்து, பென்சிலில் எழுதிய ஒரு மறுவிசாரணை மனு வந்தது. செயலாளர் ஆர்லிஸ் அதைக் கொலாச்சி ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஜட்ஜம்மா, சாப்பிட்டுட்டே படிங்க. அப்புறம் சாப்பிட மனசு வராது."

அந்த வெள்ளி ஏப்ரலின் கடைசி வெள்ளி என்று ஸ்பெத்மன் எழுதியிருந்தான். எங்கள் மாநிலத்துக்கு அது மரம் நடும் நாள், விடுமுறை. மத்திய அரசுக்கு அது கணக்கில் இல்லாததால் எங்கள் நீதிமன்றம் திறந்தே இருந்தது. ஆனால் கெடு மாநில விடுமுறையில் விழுந்தாலும் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும் என்பது விதி. அடுத்த வேலை நாள் திங்கள். மனுவோடு உள்ளூர் வாரப் பத்திரிகையின் ஒரு துண்டை ஒட்டியிருந்தான். அதில் ஒரு படம்: அதே வெள்ளிக்கிழமை, ரப்பர் பூட்ஸ் போட்ட நீதிபதி பள்ளிக்கூட வாசலில் ஆப்பிள் கன்று நடுகிறார். பக்கத்தில் தண்ணீர் வாளியோடு நான். கீழே பென்சிலில் அவனுடைய ஒரு வரி: 'மரம் நன்றாக வந்திருக்கும் என்று நம்புகிறேன்.'

லவான் வாயிலிருந்த கொலாச்சியை மெல்வதை நிறுத்தினார்.

"ஏம்மா, நாளை எண்ணினது யாரு?"

"நான்தான்."

"வாளி பிடிச்சது?"

"அதுவும் நான்தான்."

"கையெழுத்து போட்டது?" என்றார் ஆர்லிஸ், யாரையும் பார்க்காமல்.

தீர்ப்பைத் திரும்பப் பெற, வழக்கைக் கேட்ட மூன்று நீதிபதிகளில் இன்னொருவர் சம்மதிக்க வேண்டும். ஒருவர் ஏற்கெனவே மறுத்துவிட்டார். மிச்சம், இதே நீதிமன்றத்துக்காக ஆர்கன்சா மாநிலத்தில் உட்கார்ந்திருந்த வெர்னன் டீக். லவானிடம் இருபது வருடமாக வசவு வாங்கியவர். அவரும் மறுத்தால் ஸ்பெத்மனின் காகிதத்தை யாரும் திறக்கப்போவதில்லை. லவான் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார்.

"வெர்னன், ஒரு சின்னத் திருத்தம்."

"படிச்சேன். மரம் நடுறதுக்கு லீவு விடுறீங்களா? எங்க ஊர்ல மரம் தானா முளைக்கும்."

"கிண்டல் போதும். கையெழுத்து போடுவியா மாட்டியா?"

"போடறேன். ஆனா அன்னைக்கு நீ எங்க இருந்தேங்கிறதையும் தீர்ப்புல எழுது."

"அது எதுக்கு? சட்டத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணும் இல்ல. எனக்கு சந்தோஷம், அவ்வளவுதான். நீ கேட்டது என் ஓட்டு. என் விலை இது."

லவான் தொலைபேசியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பல் பிடுங்கக் காத்திருப்பவர் முகம். மதிய உணவுக்குக்கூடப் போகவில்லை. மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"அந்தக் கன்னு எப்படி இருக்குன்னு போய்ப் பாத்துட்டு வா."

பார்த்தேன். காற்றில் ஒடிந்து விறகாகிக் கிடந்தது. அவர் நட்டதில் முக்கால்வாசி அப்படித்தான். திரும்பி வந்து சொன்னேன். வழக்காளிக்கு நீதிபதி கடிதம் எழுதக் கூடாது. அதனால் பதிலை உத்தரவின் அடிக்குறிப்பில் வைத்தார்: 'அந்த வெள்ளிக்கிழமை இந்த நீதிபதி விடுமுறையில் ஆப்பிள் கன்று நட்டுக்கொண்டிருந்தார். கன்று பிழைக்கவில்லை.'

டீக் அன்றே கையெழுத்திட்டார். மேல்முறையீடு உயிர் பெற்றது. அதற்குள் என் ஒரு வருடம் முடிந்து, நான் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டேன். ஆறு வருடம் கழித்துத் திரும்பிய பிறகுதான் மீதியை ஆர்லிஸ் சொன்னார். துப்பாக்கிக்கான இரண்டு வருடம் ரத்தாகி ஸ்பெத்மன் ஜெயித்தான். நீதிபதிகளின் ஓட்டு இரண்டுக்கு ஒன்று. அந்த ஒன்று லவான். அவனுக்கு எதிராகப் பதினாறு பக்கம் எழுதியிருக்கிறார்.

"அவ்வளவு பாடுபட்டு உள்ள விட்டுட்டு, நீங்களே எதிரா எழுதினீங்களா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த லவானிடம் கேட்டேன்.

"துப்பாக்கி துப்பாக்கிதான், எந்த ஆணியில தொங்கினா என்ன?" என்றார் லவான். "ஆனா பையன் சரியான நாள்ல வந்தான். நான்தான் லேட்டு."

"அவன் போன வசந்தத்துல வெளிய வந்துட்டான், ஜட்ஜம்மா," என்றார் ஆர்லிஸ்.

"தெரியும். தப்பான தீர்ப்பு," என்று சொல்லிவிட்டுக் கடைசிக் கொலாச்சியை எடுத்துக்கொண்டார்.