ஒளித்துவைத்த மகளை வெளியே கொண்டுவந்த மன்றாட்டு

2009 பெப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. என் மனைவி பிலோமினா எங்கள் மகளுக்குக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மகளின் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் பிலோமினா நிலத்தில் கிடக்கிறாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. தலை நிறைய சோப்பு நுரையோடு மகள் தொட்டிக்குள் நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அம்புலன்ஸ் வந்து மனைவியைக் கொண்டுபோனது. பாரிசவாதம் என்றார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் வலது கையும் காலும் வேலை செய்யாது, மாதக்கணக்கில் மறுவாழ்வு மருத்துவமனையில் இருக்கவேண்டும் என்றார்கள்.

என் பெயர் மரியநாயகம். கனடாவில், ஸ்காபரோவில் பதினான்காவது மாடியில் இருக்கிறோம். பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை எனக்கு. எங்களுக்கு ஒரே பிள்ளை, ஜெயராணி. நாங்கள் ராணி என்று கூப்பிடுவோம். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைந்தவள். இரண்டு மூன்று சொற்களில் பேசுவாள். தானே சாப்பிடுவாள், உடுப்பை மடிப்பாள், தேவாலயப் பாட்டுகளைச் சொல் இல்லாமல் இராகத்தோடு பாடுவாள். குளிக்கவும் தலை முழுகவும் மட்டும் ஆள் வேண்டும். அந்த ஆள் எப்போதும் தாய்தான்.

இந்தக் கோயிலில் இருக்கும் உங்களில் பலருக்கு அப்போது எனக்கு ஒரு மகள் இருப்பதே தெரியாது. அது என் குற்றம். கலியாண வீட்டுக்கும், பிறந்தநாளுக்கும், ஏன் பூசைக்கும்கூட அவளைக் கூட்டிவருவதில்லை. ஒருவர் மாறி ஒருவர் வீட்டில் நிற்போம். பள்ளிக்கூடம் முடிகிற வயதில் அவளுடைய ஆசிரியை ஒரு படிவம் தந்தார். வளர்ந்தவர்களுக்கான அரசாங்கச் சேவைகள் இருக்கின்றன, இப்போதே பதிந்து வையுங்கள் என்றார். "எங்கட பிள்ளையை நாங்கள் பாப்பம். கவுண்மென்ற்றிட்டக் கையேந்தத் தேவையில்லை" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அதைக் குப்பையில் போட்டவன் நான்.

பிலோமினா மருத்துவமனைக்குப் போன மூன்றாம் நாள், ராணியைக் குளியலறைக்குக் கூப்பிட்டேன். வந்தாள். நான் உள்ளே கால் வைத்ததும், "அப்பா வேண்டாம்! அப்பா வேண்டாம்!" என்று கத்தினாள். என்னை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினாள். தனியே அவளுக்கு ஒன்றும் செய்யத் தெரியாது. வெறுமனே உள்ளே நின்றாள். நான் வெளியே நின்றேன்.

முதலில் அடம்பிடிக்கிறாள் என்று கோபம் வந்தது. பிறகுதான் விளங்கியது. அவளுக்கு வெட்கம். என் மகளுக்கு வெட்கம் இருக்கும் என்று அன்றுவரை நான் நினைத்ததே இல்லை. அவளை ஒரு பெண்ணாக நினைத்தால் அல்லவா அது தெரியும்?

ஒன்பது நாள் அவள் குளிக்கவில்லை. தலை சிக்குப் பிடித்தது. பிறகு மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை இரண்டு தரம் வந்து வார்த்தாள். அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை. அது எப்படிப்பட்ட காலம் என்று உங்களுக்குத் தெரியும். வன்னியில் ஒவ்வொரு நாளும் குண்டு. எங்கள் சனம் முழுவதும் கொடியோடும் படங்களோடும் நகரத் தெருக்களில் குளிருக்குள் நின்றது. மனைவியின் தம்பி குடும்பமும் வன்னிக்குள்தான். ஜனவரிக்குப் பிறகு தொலைபேசி இல்லை. அந்த நேரத்தில் யாரிடம் போய், என் மகளுக்கு முழுக வார்க்க ஆளில்லை என்று சொல்வது?

கடவுளிடம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் பறிகொடுத்தவர்கள் வரிசையில் நிற்க, நான் இதைக் கேட்கலாமா? கேட்கவில்லை. வேறொன்றைத்தான் கேட்டேன். இதை இன்று இங்கே சொல்லும்வரை மனைவிக்கும் சொன்னதில்லை. மாதாவின் படத்துக்கு முன்னால் நின்று, "தாயே, நான் சாகிறதுக்கு ஒரு நாள் முன்னுக்கு ராணியை எடுத்துப்போடு" என்று மன்றாடினேன். இப்படிப்பட்ட பிள்ளை உள்ள தாய் தகப்பனுக்கு இந்த மன்றாட்டு புதிதல்ல. அவ்வளவு தூரம் நான் இறங்கிப்போயிருந்தேன்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு. வன்னியில் இறந்தவர்களுக்காக விசேஷ பூசை. எப்படியும் போகவேண்டும் என்று மனம் அடித்தது. ராணியைப் பார்க்க ஆளில்லை. வேறு வழியின்றி, பல வருடங்களுக்குப் பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைசி வரிசை வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம்.

பூசை வைத்த சுவாமி எல்லோரையும் மௌனமாகச் செபிக்கச் சொன்னார். கோயில் முழுக்க அமைதி. அப்போது ராணி எழும்பி நின்றாள். உரத்த குரலில், "அம்மா விழுந்திட்டா! அம்மா விழுந்திட்டா!" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். முன் வாங்கில் ஒரு பெண் ஓவென்று அழத் தொடங்கினாள். பிறகு இன்னொருத்தி. அந்தக் கோயிலில் யாருக்குத்தான் வன்னியில் ஒரு அம்மா இல்லை? எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. மானம் போய்விட்டது என்று மட்டும் தெரிந்தது. ராணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல் மண்டபத்துக்கு வந்துவிட்டேன்.

பின்னாலேயே ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் றெஜினா. ஒஷாவா நகரில், ராணியைப் போன்றவர்கள் சேர்ந்து வாழும் ஒரு வீட்டில் பராமரிப்பு வேலை செய்கிறவள். என்னோடு பேசவில்லை. நேரே ராணியிடம் போனாள்.

"அம்மா எங்க விழுந்தவ?" என்று கேட்டாள்.

"பாத்றூம்" என்றாள் ராணி. பிறகு தன் சிக்குத் தலையைச் சொறிந்து காட்டி, "கடிக்குது" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. குப்பையில் போட்ட படிவம்வரை எல்லாவற்றையும் கொட்டினேன். றெஜினா பொறுமையாகக் கேட்டாள்.

"அண்ணை, இவவுக்கு உதவி இருக்கு. நீங்கள் கேக்கேல்லை, அதாலதான் வரேல்லை."

"இவ்வளவு வருசம் பதியாமல் விட்டிட்டன், பிள்ளை. இனி என்னெண்டு போய்ப் பிச்சை கேக்கிறது?"

"ஆர் சொன்னது பிச்சை எண்டு? இவவும் இந்த நாட்டுப் பிரசைதானே. உது அவவின்ர உரிமை. நாளைக்கு எனக்கு லீவு. பத்து மணிக்கு வாறன். ரெண்டுபேரும் வெளிக்கிட்டு நில்லுங்கோ."

சொன்னபடி வந்தாள். முதலில் ராணிக்குத் தலை முழுக வார்த்தாள். பிறகு எங்களை அந்தச் சேவைகளுக்குப் பதிகிற அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே வரிசை நீளம், சிலர் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்றார்கள். றெஜினா விடவில்லை. தாய் மருத்துவமனையில் இருக்கிறா, வீட்டில் வேறு பெண் இல்லை, இது அவசரம் என்று எழுதுவித்தாள். குடும்ப மருத்துவரிடம் கடிதம், பழைய பள்ளிக்கூட அறிக்கை, மருத்துவமனைக் கடிதம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்ப்பித்தாள். அந்த வாரங்களில்தான் என் செபம் மாறியது. அவளை எடுத்துப்போடு என்று கேட்ட வாயால், அவள் வாழ ஒரு வழி காட்டு தாயே என்று கேட்கத் தொடங்கினேன்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தார். வெள்ளைக்காரப் பெண்மணி. கூடவே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். ராணிக்கு என்ன பிடிக்கும், என்ன வேண்டும் என்று கேட்டார். வழக்கம்போல நான் பதில் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி மரியாதையாக நிறுத்தினார்.

"ஐயா, உங்களை இல்லையாம். மகளைத்தான் கேட்டவவாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

ராணி என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"கீழ போகோணும்" என்றாள்.

"கீழ போய் என்ன செய்யப்போறீங்கள்?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"ஆக்களைப் பாக்கோணும்."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். என்னால் அங்கே இருக்க முடியவில்லை. குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பதினான்காம் மாடி யன்னலுக்குள் அவளை வைத்து, அதற்குப் பாசம் என்று பெயர் சொல்லியிருக்கிறேன். இருபத்தாறு வருடத்தில் நானோ மற்றவர்களோ ஒருநாள்கூட அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

போர் முடிந்தது என்று வானொலி சொன்ன அதே கிழமையில் தொலைபேசி அடித்தது. எங்கள் வீடு செத்த வீடு மாதிரிக் கிடந்தது. வன்னிச் செய்தியோ என்று எடுத்தேன். அலுவலகத்திலிருந்துதான். அவசரநிலை என்று ஏற்றுக்கொண்டார்களாம். அடுத்த திங்களிலிருந்து தினமும் காலையில் ஒரு பெண் பணியாளர் வீட்டுக்கு வருவார். ஜூனிலிருந்து வாரத்தில் மூன்று நாள் ராணி தன்னைப் போன்றவர்கள் கூடும் பகல் நிலையத்துக்குப் போகலாம். வாகனம் வந்து ஏற்றும்.

அந்தக் கிழமையில் சந்தோஷப்படுவது பாவம் போலிருந்தது. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது உண்மை. முழங்காலில் விழுந்தேன்.

திங்கட்கிழமை வந்தவர் ஐவி என்ற ஜமேக்கா நாட்டுப் பெண். ராணிக்கு அவருடைய மொழி தெரியாது. அவருக்கு ராணியின் மொழி தெரியாது. குளியலறைக்குள் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் வெளியே கேட்டது. ராணி ஈரத்தலையோடு வந்து, என் மூக்குக்கு நேரே தலையைக் குனிந்து, "மணக்குது" என்றாள். அன்றைக்குத்தான் மூன்று மாதத்துக்குப் பிறகு நான் வயிறாறச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட்டில் பிலோமினா நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ராணி அவளுக்குக் கதவைத் திறந்தாள். பகல் நிலையத்தில் மேசை துடைக்கவும் மரக்கறி வெட்டவும் பழகியிருந்தாள். மூன்று சிநேகிதிகள். அவர்களுடைய பெயர்களைத் தாய்க்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுக்கவில்லை.

ஒன்றை மறைத்தால் இது பொய்ச்சாட்சி ஆகிவிடும். மனைவியின் தம்பி குடும்பத்தைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவர்களுக்காகவும் அதே மாதாவிடம்தான் மன்றாடினேன். ஏன் ஒன்றுக்குப் பதில் வந்தது, மற்றதற்கு வரவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவன் போல உங்களுக்குச் சொல்லவும் மாட்டேன். எனக்குக் கிடைத்ததை மட்டும் சொல்கிறேன். நான் கேட்கக் கூசிய உதவியை, நான் வெட்கப்பட்ட மகளின் வாயாலேயே ஆண்டவர் கேட்கவைத்தார்.

சகோதரங்களே, உங்களில் யாராவது ஒரு பிள்ளையை அறைக்குள் வைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்களா? இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் உங்களில் ஒருவன். முழங்காலில் இருந்து மன்றாடுங்கள். எழும்பியதும் போய்ப் பதியுங்கள். தனியே போகப் பயமென்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். அந்த அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போகவேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். வருகிற ஞாயிறு உங்கள் பிள்ளையையும் பூசைக்குக் கூட்டிவாருங்கள். நாங்கள் இப்போது முன் வாங்கில்தான் இருக்கிறோம். ராணிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.