பாடகர் போன பிறகு பாட வந்தவர்

என் கணவருக்கு ஓர் அமெரிக்க மென் ராக் இசைக்குழு மீது தீராத பித்து. எழுபதுகளில் கலிபோர்னியாவில் இரண்டு நண்பர்கள் தொடங்கிய குழு அது. முன்பெல்லாம், ரொறொன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறவர்கள் அவர்களின் வரலாற்றையும் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும்: எப்படிச் சேர்ந்தார்கள், ஏன் பிரிந்தார்கள், பாடகர் கோபித்துக்கொண்டு போனபின் ட்ரம்ஸ் அடித்தவர் எப்படிப் பாடகரானார். நான் சமையலறையில் நின்றபடி பாதியைக் கேட்பேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்ல மெல்லத் தேறின. பேச்சுத்தான் வரவில்லை. நாங்கள் சொல்வது எல்லாம் விளங்கும். பதிலுக்கு வாயைத் திறந்தால் வெறும் சத்தம்தான் வரும். பிறகு முயல்வதையே விட்டுவிட்டார்.

பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண், அவருக்குப் பிடித்ததைப் பற்றி அவரோடு கதைக்கும்படி என்னிடம் சொன்னாள். ஒரு பின்னேரம் பக்கத்தில் அமர்ந்து, தெரிந்த அளவில் தொடங்கினேன்.

"அவை ரெண்டு பேரும் அண்ணன் தம்பி, என்ன? நியூயோர்க்கில தொடங்கினவை."

அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"பிறகு பாட்டுக்காரன் செத்துப்போனான். அவன்ரை மனிசி பாட வந்தவ."

என் கையை இறுகப் பிடித்தார். முகம் சிவந்துவிட்டது.

"இ... இல்லை! ட்ரம்ஸ்!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அப்ப நீங்களே சொல்லுங்கோ" என்றேன். அன்று அவரால் சொல்ல முடிந்தது நான்கைந்து சொற்கள்தான். அடுத்த நாள் மிச்சத்தைக் கேட்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டேன்.

இந்தக் கோடையில் அந்தக் குழு ரொறொன்ரோவுக்கு வந்தது. பழைய ஆட்களில் ஒருவர்தான் மிச்சம். தலை முழுக்க நரைத்த கிற்றார்காரர். மண்டபமே சேர்ந்து பாடியபோது, இவரும் ஒரு வரியைத் தடக்குப்படாமல் பாடினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

திரும்பும் வழியில் கொத்து ரொட்டி போடும் சாப்பாட்டுக் கடையொன்றில் காரை நிறுத்தச் சொன்னார். தானே உள்ளே போய் நின்றார்; நான் பின்னால் நின்றேன்.

"கொத்து. ஆடு. ரெண்டு."

"உறைப்புக் கூடவோ, அண்ணை?" என்று கேட்டான் கடைப் பெடியன்.

"ஓம். கூட."

"டொக்டர் உதெல்லாம் சாப்பிடக் கூடாதெண்டு சொன்னவர்" என்றேன்.

"நீர்... சும்மா இரும்" என்றார் அவர்.